நாளைப் போவாரும் போய் வந்தவரும்

2019 ஆகஸ்ட் 17. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில், நான்கு கால் மண்டபத்தின் அடியில், அத்திவரதர் மீண்டும் இறங்கினார். அத்திமரத்தில் செதுக்கிய திருமேனி அது. தைலக்காப்பு சாத்தி, கிடத்தி, மூடினார்கள். பிறகு குளத்தில் நீர் ஏறியது. அடுத்து அவர் வெளியே வரவேண்டிய ஆண்டு 2059.

2019இல் ஜூலை 1 தொடங்கி 48 நாள், ஒரு மண்டலம், அவரைப் பார்க்க நாடு திரண்டது. முதல் 31 நாள் சயனக் கோலம், கடைசி 17 நாள் நின்ற கோலம். இன்று என்ன நிறப் பட்டு என்று நாளிதழ்கள் தினமும் எழுதின. வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. வெயிலில் பல மணி நேரம் நின்று, தட்டிப் பந்தல்களுக்குள் வளைந்து வளைந்து நகர்ந்து, கடைசியில் திருமேனிக்கு நேரே வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது சில விநாடிகள். கையைக் குவிப்பதற்குள் பின்னால் இருப்பவர் வந்துவிடுவார். இன்னும் சில நாள் நீட்டிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள்; நீதிமன்றம் ஏற்கவில்லை. குறித்த நாளில் அவர் தண்ணீருக்குள் போனார்.

1939, 1979, 2019. இந்த மூன்று ஆண்டுகளை ஒரு மனித ஆயுளோடு வைத்துப் பார்த்தால் கணக்கு மனத்தைப் பிசையும். 1939இல் பத்து வயதில் தகப்பனார் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு 1979இல் ஐம்பது வயது; 2019இல் தொண்ணூறு. 2019இல் ஐம்பதைத் தாண்டி நின்ற பெரும்பாலோருக்கு அதுவே கடைசி முறை என்று தெரியும். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களுக்குத் தெரியும், பிள்ளைக்கு இது நினைவில் நிற்காது என்று. இருந்தும் தூக்கி வந்தார்கள். பிள்ளை வளர்ந்த பின் ‘நீயும் பார்த்திருக்கிறாய்’ என்று சொல்லலாமே. தனக்கே நினைவில்லாத ஒரு காட்சிக்கு ஒரு குழந்தையைச் சாட்சியாக்கி வைத்தார்கள்.

ஆவலோடு காத்திருந்த ஒன்று நடந்து முடிந்துவிட்டது. அதன் பிறகு அது எங்கே இருக்கிறது? திருமணம், முதல் குழந்தை, சொந்த வீடு, காசி யாத்திரை, மகனின் பட்டமளிப்பு என்று எதை நோக்கி ஆண்டுக்கணக்காக நாள் எண்ணினார்களோ, அதைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? சமயங்கள் இந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டதில்லை. சில இடங்களில் நேராகச் சொல்லியிருக்கின்றன. சில இடங்களில் கதைக்குள் பொதிந்து வைத்திருக்கின்றன.

உளவியலாளர்கள் தந்த விடை முதலில். டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 விநாடி. அதோடு கூடுதலாக 30 விநாடி, அந்த நேரத்தில் நீரின் குளிர் சற்றே தணிக்கப்படும். இரண்டில் எதை மறுபடி செய்யத் தயார் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். ஆனால் முடிவு இதமாக இருந்தது. நினைவு கால அளவைக் கணக்கெடுப்பதில்லை, உச்சத்தையும் முடிவையும் எடுத்துக்கொள்கிறது என்றார்கள். காஞ்சியில் எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்றவர் வீட்டுக்கு வந்து சில விநாடிகளை மட்டும் சொல்வது ஏன் என்று இதில் ஓரளவு புரிகிறது. கலிஃபோர்னியாவில் மூன்று வார மிதிவண்டிப் பயணம் போன மாணவர்களைப் பற்றி 1997இல் வந்த ஆய்வும் இதற்கு அருகில் வருகிறது: போகுமுன் எதிர்பார்ப்பும், வந்த பின் நினைவும், பயணத்தின்போது இருந்த மனநிலையைவிட இனிமையாக இருந்தன. அதாவது ஒரு நிகழ்வு இரண்டு பக்கமும் ஒளிர்கிறது; நடுவில்தான் மங்கல்.

இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நடுப்பகுதிக்காகத்தானே மனிதன் காத்திருந்தான்!

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் அகுஸ்தீன் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவருடைய ‘ஒப்புதல்கள்’ நூலின் 11ஆம் பகுதி முழுதும் காலத்தைப் பற்றியது. அவர் எடுத்த உதாரணம் எளிமையானது: மனப்பாடமான ஒரு சங்கீதத்தைச் சொல்லுவது. தொடங்கும் முன் முழுப் பாட்டும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. சொல்லச் சொல்ல அது வாய்வழியே கடந்து நினைவுப் பக்கம் போய்ச் சேருகிறது. முடிந்ததும் எதிர்பார்ப்புப் பை காலி, நினைவுப் பை நிறைந்தது. இதை ஒரு தேவாரப் பதிகத்தோடு வைத்துப் பார்க்கத் தமிழருக்குத் தடையில்லை. ஓதுவார் முதல் அடியை எடுக்கும்போதே கடைக்காப்பு எங்கோ காத்திருக்கிறது. கடைக்காப்புக்கு வரும்போது முதல் அடி காதில் இன்னும் இருக்கிறது. அகுஸ்தீனுக்கு இதில் கிடைத்தது: கடந்ததும் வரப்போவதும் வெளியே எங்கும் இல்லை; மனம் இரு பக்கமும் இழுபட்டு நீள்வதுதான் காலம். ஒரு பாட்டுக்கு உள்ளது ஒரு மனித வாழ்க்கைக்கும் உண்டு என்றும் அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அகுஸ்தீன் வேதனையோடு கண்ட இழுபறியைத் தமிழ் வேறு விதமாகப் பார்த்தது. ‘காத்தல்’ என்றால் பேணுதல். ‘காத்திருத்தல்’ என்பதிலும் அதே வேர். ஒன்றுக்காகக் காத்திருப்பவர் அதைத் தன்னிடத்தில் பேணி வைத்திருக்கிறார். சங்கப் புலவர்கள் இதற்கு ஒரு நிலமே ஒதுக்கினார்கள். ஐந்திணைகளில் கூடலுக்கு உரியது குறிஞ்சி ஒன்றுதான். மற்ற நான்கில் பிரிவு பாலைக்கு, ஊடல் மருதத்துக்கு, இரங்கல் நெய்தலுக்கு, இருத்தல் முல்லைக்கு. கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவனுக்காக வாயிலைப் பார்த்தபடி இருப்பது ஒரு முழுத் திணையின் உரிப்பொருள். ஐந்தில் நான்கு பங்கு, நினைத்தது கைக்கு வராத நேரத்தைப் பற்றியது. வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது என்பதை அந்தப் புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

குறிஞ்சி என்றதும் மூணாறு நினைவுக்கு வருகிறது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006க்குப் பிறகு 2018. அதைப் பார்க்கப் பலர் ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது, மலைச்சாலைகள் சரிந்தன. வரவேண்டியவர்களில் பெரும்பகுதியினர் வரவில்லை. இரவிகுளத்துச் சரிவுகளில் பூக்கள் தம் பாட்டுக்கு மலர்ந்தன.

பக்தி இலக்கியங்களுக்கு வருவோம். இங்கே ஒரு செய்தி கூர்ந்து பார்க்கத் தக்கது: மிகப் பெரிதாகக் காத்திருந்தவர்கள் அந்த நொடிக்குப் பின் வாழவே இல்லை. சபரியை எடுத்துக்கொள்ளலாம். மதங்கரின் ஆசிரமத்தில் அவர் தொண்டு செய்த முனிவர்கள் மேலுலகம் போகும்போது, இராமன் இங்கே வருவான், அவனை உபசரித்துவிட்டு வா என்று சொல்லிப் போனார்கள். அவர் காட்டுக் கனிகளைச் சேர்த்து வைத்தார். இராமன் வந்தான். உபசரித்தார், வனத்தைச் சுற்றிக் காட்டினார், விடைபெற்றுத் தீயில் புகுந்தார். வால்மீகி சொல்வது இவ்வளவுதான். கடித்துச் சுவை பார்த்துக் கனி கொடுத்தது பிற்காலத்து அன்பர்கள் சேர்த்தது. ஆண்டாள் திருவரங்கத்துக்குப் பல்லக்கில் போய்ச் சேர்ந்தார், கருவறைக்குள் நுழைந்தார், பிறகு காணவில்லை. காவிரிக் கரையில் நின்றபடியே வாழ்ந்த திருப்பாணாழ்வாரை முனிவர் ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஆழ்வார் பெருமாளைப் பாதம் தொடங்கி முகம் வரை கண்டு பாடினார். பிறகு அவரும் இல்லை. லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் இனித் தன்னைப் போகவிடும்படிதான் வேண்டுகிறார். அந்த வேண்டுதலைத் திருச்சபை இரவு மன்றாட்டில், தூங்கப் போகுமுன் சொல்ல வைத்திருக்கிறது.

இந்தக் கதைகளை எழுதியவர்களுக்கு ஏதோ ஒரு தயக்கம் இருந்திருக்க வேண்டும். அத்தனை பெரிய நொடிக்குப் பிறகு அந்த மனிதர் மறுநாள் காலையில் எழுந்து பல் துலக்குவதை எப்படி எழுதுவது?

இந்த வரிசையில் நந்தனாருக்குத் தனி இடம். பெரியபுராணம் அவரை அழைக்கும் பெயரே ‘திருநாளைப்போவார்’. தில்லையைக் கண்டவர் என்றோ, கூத்தனோடு கலந்தவர் என்றோ அவருக்குப் பெயர் வரவில்லை. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததுதான் பெயராயிற்று. தமிழ்ச் சமய மரபில் காத்திருப்பு ஒன்றே ஒருவரின் அடையாளமாக நிலைத்தது இவருக்குத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அவருடைய காத்திருப்பை அழகு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது அநியாயம். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் தந்த தோல் உள்ளே முழங்கியது; அவர் வெளியே நின்றார். திருப்புன்கூருக்குப் போனபோது வாயிலில் நின்று பார்க்க நந்தி மறைத்தது. இறைவன் நந்தியை விலகச் சொன்னார் என்கிறது புராணம். வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அருகே உள்ள அந்தத் தலத்தில் நந்தி இன்றும் விலகித்தான் இருக்கிறது. நந்தி விலகியது, வாயிலில் இருந்த மனிதர்கள் விலகியதாகக் கதை இல்லை. தில்லையின் எல்லைக்கு வந்தவர் உள்ளே புகத் தயங்கி இரவும் பகலும் மதிலைச் சுற்றினார். ஒருவர் ‘நாளை’ என்று சொல்வதற்கு, ‘இன்று உனக்கில்லை’ என்று இன்னொருவர் வகுத்து வைத்ததே காரணமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகச் செய்த கோபாலகிருஷ்ண பாரதி, சேக்கிழார் சொல்லாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார்: பண்ணையை ஆளும் வேதியர். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தால்தான் சிதம்பரம் போக விடை. காத்திருப்பவன் பக்கம் மட்டும் நின்றிருந்த கதையில், காக்க வைப்பவனின் முகத்தையும் பாரதி வரைந்தார். அது பெரிய காரியம்.

காஞ்சியிலும் இந்தக் காக்கவைப்பு நடக்கத்தான் செய்தது. ஒரு பக்கம் சிறப்பு அனுமதிச் சீட்டுகள். மறுபக்கம் பொது வரிசை. 2019 ஜூலை 18 அன்று நெரிசலிலும் மூச்சுத் திணறலிலும் நால்வர் இறந்தார்கள். 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகக் குளக்கரையில் ஏறத்தாழ ஐம்பது உயிர் போயிற்று. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து வந்த நாள், சில குடும்பங்களுக்கு இனி ஒவ்வொரு மாசி மகத்திலும் திரும்பிவரும் துக்க நாள் ஆகிவிட்டது. அரிய தருணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வீடுகளை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

நந்தனார் கதையின் முடிவு தெரிந்ததுதான்: தெற்கு மதிற்புறத்தில் தீ வளர்க்கிறார்கள், அதில் மூழ்கி முனிவர் வடிவில் எழுகிறார், அம்பலத்துக்குள் போகிறார், மறைகிறார். அவர் உள்ளே எதைக் கண்டிருப்பார்? சிதம்பரம் போனவர்களுக்குத் தெரியும். நடராசர் திருமேனிக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதை விலக்கிக் காட்டுவார்கள். அங்கே பொன் வில்வ மாலைகள் தொங்கும். அவற்றின் பின் எதுவும் இல்லை. ஆகாயம். சிதம்பர ரகசியம். ஒரு வாழ்நாள் முழுவதும் ‘நாளை’ என்று சொல்லிக் காத்திருந்ததன் நடுமையத்தில் ஒரு வெற்றிடத்தை வைத்த மரபு இது. தமிழ்க் கோயிலின் அமைப்பே இதற்குப் பழக்குகிறது: கோபுரத்தின் ஆயிரம் சுதைகள், பிறகு பிராகாரம், கொடிமரம், மண்டபம், அர்த்தமண்டபம் என்று போகப் போக உருவங்கள் குறைந்து இருட்டு கூடுகிறது. கடைசியில் ஒரு கற்பூரச் சுடர். எதிர்பார்ப்பைக் கூட்டிக்கொண்டே போய், காணும் பொருளைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

மறைந்தவர்கள் கதை இருக்கட்டும். திரும்பி வந்தவர்கள் உண்டா?

உண்டு. காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையால் நடந்து போனார். இறைவன் அவரை ‘அம்மையே’ என்று அழைத்தார். அதற்கு மேல் ஒரு மனித உயிர் எதிர்பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் அவரைக் கயிலையில் இருத்திக்கொள்ளவில்லை, திருவாலங்காட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆடலைக் கண்டு பாடிக்கொண்டிருக்க வேண்டும். தொண்டை நாட்டுச் சுடுகாடு ஒன்றுதான் அவருக்குக் கயிலைக்குப் பிந்திய முகவரி. எருசலேம் ஆலயத்திலும் சிமியோனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். 84 வயதைத் தொட்ட அன்னா என்ற கைம்பெண். அவர் போகவிடும்படி கேட்கவில்லை; குழந்தையைப் பற்றி எல்லாரிடமும் பேசத் தொடங்கினார். லூக்கா மூன்றே வசனத்தில் சொல்லிப் போய்விடுகிறார். சிமியோனுக்குப் பாட்டு கிடைத்தது, அன்னாவுக்கு வேலை கிடைத்தது.

அப்பரின் கதை இதனினும் நுட்பமானது. கயிலையைக் கண்ணால் காணவேண்டும் என்று வடக்கே நடந்தார். காசியும் கடந்தது. கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், மார்பால் நகர்ந்தார், கடைசியில் உருண்டார். முனிவர் ஒருவர் எதிர்ப்பட்டுத் திரும்பிப் போகச் சொன்னார். மாட்டேன் என்றார் அப்பர். பிறகு கிடைத்த ஆணை, அங்கிருந்த ஒரு தடாகத்தில் மூழ்கு என்பது. மூழ்கினார். எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். எழுந்தவர் கரையில் முதலில் கண்டது ஆண் யானையும் பெண் யானையும். பிறகு கோழி, குயில், அன்னம், மான், எல்லாம் இணை இணையாக வந்துகொண்டிருந்தன. எல்லாமே அம்மையப்பராகத் தெரிந்தன. அந்தப் பதிகம் முழுதும் இந்த இணைகளின் வரிசைதான். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இதை இன்றும் கயிலைக் காட்சியாகக் கொண்டாடுகிறார்கள்.

இதில் தவறவிடக் கூடாத செய்தி: அப்பர் கயிலைக்குப் போய்ச் சேரவில்லை. அவர் குறித்து வைத்த தருணம் அவர் குறித்த இடத்தில் நடக்கவில்லை. காவிரிக்கரை ஊர் ஒன்றில், தெருவில் வரும் உயிர்களின் உருவில் நடந்தது. அதற்குப் பிறகும் அவர் ஊர் ஊராகப் போனார். கையில் உழவாரப்படை. கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். திருப்புகலூரில் உயிர் பிரியும் வரை செதுக்கினார். கயிலைக் காட்சி கண்ட கண்ணுக்குப் புல்லும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

தமிழ் முஸ்லிம் ஊர்களில் ‘ஹாஜியார்’ என்ற சொல்லுக்கு உள்ள கனம் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. விமானம் எளிதாகாத காலத்தில் ஹஜ் என்பது ஒரு வாழ்நாள் சேமிப்பு. பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். அந்தக் கப்பல் பயணம் 1995இல் நின்றது. கடன்களைத் தீர்த்து, உறவினரிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்பாமலும் போகலாம் என்ற மனத்தோடு புறப்பட்டவர்கள் அவர்கள். திரும்பி வந்தவரை ஊர் பெயர் சொல்லி அழைக்காது. ஹாஜியார் என்றுதான் அழைக்கும். கடைத் தராசில் எடை குறைந்தால் ‘ஹாஜியார் கடையிலா இப்படி’ என்ற கேள்வி வரும். அரஃபாத் வெளியில் நின்ற ஒரு பகல், அவருடைய மீதி ஆயுளின் ஒவ்வொரு வியாபாரத்தையும் கணக்குக் கேட்கிறது.

மீண்டும் காஞ்சிக்கு. ஒரு கோடிப் பேர் குளத்திலிருந்து எழுந்தவரைப் பார்க்கத் திரண்ட அதே கோயிலில், அத்திகிரி என்னும் மேட்டின் மேல், 24 படி ஏறினால், கல்லால் ஆன மூலவர் நிற்கிறார். வரதர்தான். அவரைக் காண நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நடை திறக்கும் வேளைக்குப் போனால் போதும். திருக்கச்சி நம்பி விசிறி வீசிக்கொண்டே பேசியது அங்கேதான் என்று வைணவர் சொல்வார்கள். இராமானுசர் இளமையில் சாலைக்கிணற்றிலிருந்து தீர்த்தம் சுமந்து வந்ததும் அவருக்காகத்தான். தினமும் விசிறியவருக்கும் தினமும் தண்ணீர் சுமந்தவருக்கும் எந்த நாள் அரிய நாள்?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர், ‘ஸ்ரீவசன பூஷணம்’ என்னும் நூலில் இதற்கு ஓர் உவமை தருகிறார். தாகத்தில் தவிக்கிறான் ஒருவன். பூமிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. தோண்ட அவனிடம் கருவியில்லை. உள்ளத்துள் உறையும் இறைவன் அப்படி. அண்டத்துக்கு அப்பால் சூழ்ந்த நீர் போல் வைகுந்தத்தில் இருப்பவன். பாற்கடல் இருக்கிறது, போக முடியாது. இராமனாகவும் கண்ணனாகவும் வந்தது ஆற்றில் பெருக்கெடுத்த வெள்ளம். அப்போது கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, பின்னால் பிறந்தவர்களுக்கு இல்லை. ஆனால் வெள்ளம் வடிந்த ஆற்றில் மடுக்கள் தேங்கி நிற்கும். கோயில்களில் நிற்கும் அர்ச்சைத் திருமேனிகள் அந்த மடுக்கள். குனிந்து அள்ளலாம்.

அரிய தருணத்தைத் தவறவிட்டவர்களுக்காக எழுதப்பட்ட இறையியல் இது. கண்ணன் காலத்தில் பிறக்கவில்லையே என்று ஏங்குகிறவருக்கு லோகாசாரியர் வெள்ளத்தின் பெருமையை விவரித்துக்கொண்டிருக்கவில்லை. எஞ்சி நிற்கும் நீரைக் காட்டினார். கடந்துபோன நல்ல நாளைத் திரும்பிப் பார்க்கிறவருக்கும் இது பொருந்தும் என்றே தோன்றுகிறது. திருமணத்தன்று மேளமும் புகையும் கூட்டமுமாக வெள்ளம் போல் போனது. யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம் என்பதுகூட முப்பது ஆண்டு கழித்துப் புகைப்பட ஆல்பத்தைப் புரட்டினால்தான் தெரிகிறது. ஆனால் காலையில் ஒருவர் மற்றவருக்கு ஆற்றிக் கொடுக்கும் காப்பி இருக்கிறது. அந்த மடுவில் அன்றைய வெள்ளத்தின் நீர்தான் நிற்கிறது.

உவமை சொன்னவருக்கே சோதனை வந்தது. 1323இல் டில்லிப் படை திருவரங்கத்துக்கு வந்தபோது, முதுமையில் தளர்ந்த லோகாசாரியர் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகத் தெற்கே புறப்பட்டார். மதுரைக்கு அருகே சோதிக்குடியில் அவர் உயிர் நீங்கியது. திருமேனி அங்கிருந்து மலையாள நாடு, மைசூர்ப் பகுதி, மேல்கோட்டை, திருமலை என்று அலைந்து, விஜயநகரத் தளபதி கோபணாரியரால் 1371இல் அரங்கத்துக்குத் திரும்பியது. நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

அதற்குள் அரங்கத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளச் செய்து வழிபட்டுவந்தார்கள். திரும்பி வந்தவர்தானா பழைய பெருமாள்? அடையாளம் சொல்ல ஆளில்லை. பார்த்தவர்கள் இறந்திருந்தார்கள் அல்லது ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். விழாக்களில் கூட்டத்தோடு நின்று சேவித்தவர்களின் நினைவு இப்போது உதவவில்லை. கடைசியில் ஒரு முதியவரைக் கண்டுபிடித்தார்கள் என்று கோயில் மரபு சொல்கிறது. வண்ணார், வைணவர் வழக்கில் ஈரங்கொல்லி. பழைய நாளில் பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைத்தவர். கண்பார்வை போயிருந்தது. அவரால் எந்தத் திருமேனியையும் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்யுங்கள், சாத்திய ஈர ஆடையைப் பிழிந்து தாருங்கள் என்றார் அவர். ஒவ்வொரு முறை துணியை வாங்கும்போதும் அந்த ஈரவாடைத் தீர்த்தத்தை உட்கொண்டுவிட்டுத்தான் துவைக்கப் போவது அவருக்கு வழக்கம். புனுகும் கஸ்தூரியும் கலந்த அந்த வாசம் நாக்கிலும் மூக்கிலும் ஏறியிருந்தது. முதலில் ஒன்றைப் பிழிந்து கொடுத்தார்கள். பேசாமல் இருந்தார். இரண்டாவதை வாயில் விட்டதும், இவர்தான் நம்பெருமாள் என்று கத்தினார்.

திருவரங்கத்து உற்சவரை இன்றைக்கும் அந்தப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.